வாயிற்குறிப்பும் உடன் செல்ல வேண்டும்

ஆண்டின் நடுவில் ஊர் மாறும் மாணவனை எந்தத் தலைமை ஆசிரியரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பிறந்த தேதி, படித்த வகுப்பு, எடுத்துக்கொண்ட மொழி முதலிய விவரங்களைக் குறித்து, கையொப்பமும் முத்திரையும் இட்டு, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்த பின்னரே அவனை விடுவிக்கிறார். மாணவன் கற்ற கல்வி அவனுடனேயே செல்கிறது. அதை எவரும் எழுதித் தர வேண்டியதில்லை. ஆனால் பள்ளி அவனைப் பற்றித் தன் பதிவேட்டில் வைத்திருந்த குறிப்பு தானாக நடந்து செல்லாது. அதை ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் செல்லும். களப் பணியாளர்களும் இதனை நன்கு அறிவர். மாறுதல் உத்தரவு வந்த மறுநாளே புதிய இடத்தில் பணி ஏற்றுவிடலாம். பணிப் பதிவேடும் இறுதி ஊதியச் சான்றும் வந்து சேராவிட்டால் முதல் மாதச் சம்பளம் கைக்கு வராது.

இதே நிலைமை இன்று கணினி யந்திரங்களுக்கும் ஏற்பட்டுள்ளது. ஒரு யந்திரத்தை இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றும் வித்தையை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அந்த யந்திரத்தைப் பற்றிப் பழைய இடத்தின் வாயிலில் எழுதி வைக்கப்பட்ட குறிப்பு உடன் செல்கிறதா என்பதில் நாம் போதிய கவனம் செலுத்தவில்லை. அக்கவனம் ஏன் தேவை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் யந்திரத்தைப் பற்றிச் சில சொற்கள். பெரிய கணினி ஒன்றின் ஆற்றலை மென்பொருளின் துணையால் பல பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனித்தனிக் கணினியைப் போலவே இயங்கச் செய்யலாம். இவ்வாறு அமைந்த ஒவ்வொன்றும் மெய்நிகர் யந்திரம் எனப்படுகிறது. அவற்றைத் தாங்கி நிற்கும் பெரிய கணினியைத் தாங்கு கணினி என்று இங்கே குறிப்பிடுவோம். இது புதிய கருத்து அன்று. 1972ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்./370 என்னும் அமைப்பை வெளியிட்டு, ஒரே கணினியைப் பலர் தத்தம் சொந்தக் கணினிபோல் பயன்படுத்த வகை செய்தது. இக்கருத்து சாதாரண சர்வர்களுக்கும் பரவி, நாடெங்கும் வேரூன்றியது இந்த நூற்றாண்டில்தான்.

இக்கட்டுரையாளர் வசிக்கும் ஹைதராபாத் நகரம் இத்துறையில் தனி இடம் பெற்றது. 1976இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையம் தனது தேசியத் தரவு மையங்களில் முதலாவதை 2008இல் இந்நகரில்தான் தொடங்கியது. பின்னர் 2010இல் புனேயிலும், 2011இல் டில்லியிலும், 2018இல் புவனேசுவரத்திலும் மற்றவை அமைந்தன. அரசாங்கத் துறைகள் தத்தமக்கெனத் தனிக் கணினிகளை வாங்கிக் குவிக்காமல், பொதுவான ஓரிடத்திலிருந்து வேண்டிய அளவு ஆற்றலைப் பெறுவதற்காக 'மேக்ராஜ்' என்னும் முகில் திட்டம் 2014இல் தொடங்கப்பட்டது. தனியார் துறையில், அமேசான் நிறுவனம் 2022 நவம்பரில் ஹைதராபாத்தில் தனது இந்தியாவின் இரண்டாவது முகில் வட்டாரத்தைத் திறந்தது. களப் பணியாளர் தம் கைபேசியில் பதிவு செய்யும் அறிக்கையும், ஆசிரியர் இணையத்தில் ஏற்றும் வருகைப் பட்டியலும் பெரும்பாலும் இத்தகைய மெய்நிகர் யந்திரம் ஒன்றைத்தான் சென்றடைகின்றன.

தாங்கு கணினியும் இரும்பும் கம்பியும் கொண்ட பொருளே. அதன் விசிறி தேயும். நினைவகச் சில்லு பழுதாகும். அதை நிறுத்திப் பழுது பார்க்க வேண்டியிருக்கும். அப்பொழுது அதன்மேல் இயங்கும் யந்திரங்களையும் நிறுத்தினால் ஒரு துறையின் வேலையே நின்றுவிடும். இதற்கு வழி கண்டவர்கள் பலர். வி.எம்.வேர் நிறுவனம் 2003இல் இயங்குநிலை இடமாற்றத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005இல் அதன் முறையைக் கட்டுரையாக வெளியிட்டனர்.

முறை எளிதில் விளங்கக்கூடியதே. யந்திரம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்தின் பக்கங்கள் புதிய தாங்கு கணினிக்குப் பிரதி எடுக்கப்படுகின்றன. பிரதி எடுக்கும் நேரத்திற்குள் சில பக்கங்கள் மாறியிருக்கும். அவை மட்டும் மீண்டும் அனுப்பப்படுகின்றன. இவ்வாறு சில சுற்றுகள் நடந்து, எஞ்சியவை மிகக் குறைந்ததும், யந்திரம் ஒரு கணம் நிறுத்தப்பட்டு, கடைசிப் பக்கங்களும் அனுப்பப்பட்டு, புதிய இடத்தில் மீண்டும் இயக்கப்படுகிறது. அந்தக் கட்டுரையின் சோதனை ஒன்றில், பலர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டின் சர்வர் 60 மில்லி செகண்டு மட்டுமே நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர் கண் இமைப்பதற்குள் யந்திரம் வீடு மாறிவிட்டது!

இனி வாயிலுக்கு வருவோம். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். 'போர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் துறைமுகம் என்று ஒரு பொருள் இருப்பதால், கணினித் தமிழில் 'துறை' என்று எழுதும் வழக்கம் பரவியுள்ளது. ஆனால் கருவிகளில் கம்பி செருகும் திறப்பைக் குறிக்கும் சொல், கதவு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. எனவே 'வாயில்' என்பதே பொருத்தமெனக் கருதி அதையே இங்கு ஆள்கிறேன். மற்றொரு குழப்பத்தையும் இங்கேயே தவிர்த்துவிடலாம். இணைய நூல்களில் 80, 443 என்று எண்ணிட்டு வழங்கும் 'போர்ட்' வேறு. அது ஒரே யந்திரத்தினுள் எந்தச் செயலிக்குத் தகவல் செல்ல வேண்டும் என்று காட்டும் எண். நாம் பேசும் வாயில், யந்திரம் வலையமைப்புடன் இணையும் இடம். மெய்நிகர் யந்திரத்திற்குக் கம்பி இல்லை. ஆதலால் அதன் வாயிலும் தாங்கு கணினியின் உள்ளே மென்பொருளால் ஆன ஸ்விட்ச் ஒன்றில் அமைகிறது. 2009இல் முதன்முதலாக வெளிவந்து, 2012இல் லினக்ஸ் கருவில் சேர்க்கப்பட்ட 'ஓப்பன் வி-ஸ்விட்ச்' அத்தகைய ஸ்விட்ச்களுள் பெயர் பெற்றது.

இவ்வாயிலில் காவலன் ஒருவன் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். அந்த நோட்டில் என்னென்ன எழுதப்பட்டிருக்கும்? இந்த யந்திரம் எந்தப் பிரிவு வலையமைப்பைச் சேர்ந்தது என்னும் எண். யாரிடமிருந்து வரும் தகவற் பொட்டலங்களை அனுமதிக்கலாம், யாருடையவற்றைத் தடுக்கலாம் என்னும் விதிகள். ஒரு வினாடிக்கு எவ்வளவு தகவல் செல்லலாம் என்னும் வரம்பு. இதுவரை சென்றவை, வந்தவை எத்தனை என்னும் எண்ணிக்கை. இக்கணத்தில் எந்தெந்த உரையாடல்கள் நடுவழியில் உள்ளன என்னும் பட்டியல். நிர்வாக மென்பொருள் தன் வசதிக்காக எழுதி வைத்த சில குறிப்புகள். இவற்றில் எதுவும் யந்திரத்தின் நினைவகத்தில் இல்லை. வாயிற்காவலனின் நோட்டில்தான் உள்ளது. நினைவகத்தைக் கடைசி எழுத்துவரை பிரதி எடுத்தாலும் இந்நோட்டில் உள்ள ஒரு வரிகூட அதில் வராது.

சிலவற்றிற்கு ஏற்கெனவே வழி செய்யப்பட்டுள்ளது. ஒவ்வொரு யந்திரத்திற்கும் 48 பிட் நீளமுள்ள வலையமைப்பு முகவரி ஒன்று உண்டு. எந்த முகவரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வெளியே உள்ள ஸ்விட்ச்கள் தாமே கற்று நினைவில் வைக்கின்றன. வழக்கமான ஏற்பாட்டில் அந்நினைவு 300 வினாடி நீடிக்கும். யந்திரம் வீடு மாறிய செய்தி தெரியாவிட்டால் அவை பழைய வீட்டிற்கே பொட்டலங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் இடம் மாறியவுடன் 'இம்முகவரி இனி இந்தப் பக்கம்' என்று அறிவிக்கும் பொட்டலங்கள் சில புதிய இடத்திலிருந்து வெளியிடப்படுகின்றன. அவ்வாறே, பிரிவு எண்ணும் வாயிலின் அடையாள எண்ணும் யந்திரத்தின் அமைப்புரையில் எழுதப்பட்டிருந்தால், அவை அமைப்புரையுடன் புதிய இடத்தைச் சேர்கின்றன.

எஞ்சியிருப்பது நோட்டில் மட்டுமே எழுதப்பட்டவை. இவற்றிற்கென 'லிப்வெர்ட்' என்னும் நிர்வாக மென்பொருளில் 2012ஆம் ஆண்டு ஒரு வழி சேர்க்கப்பட்டது. இம்மென்பொருள் இடமாற்றத்தை ஐந்து கட்டங்களாக நடத்துகிறது: பழைய இடத்தில் தொடக்கம், புதிய இடத்தில் ஆயத்தம், பழைய இடத்திலிருந்து மாற்றம், புதிய இடத்தில் முடிப்பு, பழைய இடத்தில் உறுதி. ஒவ்வொரு கட்டத்திலும் இரு தாங்கு கணினிகளும் ஒரு சிறு உறையைப் பரிமாறிக்கொள்கின்றன. ஓப்பன் வி-ஸ்விட்ச் ஒவ்வொரு வாயிலுக்கும் தன் தரவுத்தளத்தில் ஓரிடம் ஒதுக்கியிருக்கிறது. அங்கே எழுதப்பட்டுள்ள வாயிற்குறிப்பு மூன்றாம் கட்டத்தில் இவ்வுறையில் இடப்பட்டு, நான்காம் கட்டத்தில் புதிய ஸ்விட்சின் தரவுத்தளத்தில் எழுதப்படுகிறது. குறிப்பின் பொருள் என்ன என்று லிப்வெர்ட் ஆராய்வதில்லை. முத்திரையிட்ட கடிதத்தைத் தபால்காரர் கொண்டுசேர்ப்பதுபோல் கொண்டுசேர்க்கிறது, அவ்வளவே.

இது போற்றத்தக்க ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதில் ஓர் அம்சம் வாசகர்களின் கவனத்திற்கு உரியது. நான்காம் கட்டத்தில் குறிப்பை எழுத இயலாமற்போனால் என்ன நடக்கிறது? இடமாற்றம் நிற்பதில்லை. 'வலையமைப்பு விவரத்தை அளிக்க இயலவில்லை' என்னும் கருத்துள்ள எச்சரிக்கை வரி ஒன்று நாட்குறிப்பில் பதிவாகிறது. யந்திரம் புதிய இடத்தில் இயங்கத் தொடங்குகிறது. மாற்றுச் சான்றிதழ் வழியில் தொலைந்துவிட்டது என்று எவரும் படிக்காத பதிவேட்டில் எழுதிவிட்டு, மாணவனை வகுப்பில் உட்காரவைப்பதற்கு இது ஒப்பாகும்.

இதன் விளைவை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியின்பொருட்டுப் பயன்படுத்தி வந்த செயலி ஒன்று, ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் அறையிலிருந்து திறக்க மறுத்தது. அது இயங்கிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவர்களுக்குத் தடையின்றித் திறந்தது. கையெழுத்துப் பிரதிகளை ஒப்படைக்க வேண்டிய கெடு அவ்வாரத்தில் இருந்தது. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தோம். கணினியை மாற்றிப் பார்த்தோம். பழி எங்கள் கம்பி இணைப்பின்மேல் விழுந்தது. மூன்றாம் நாள் மாலையில்தான் காரணம் தெரிந்தது. ஞாயிறு இரவு பராமரிப்புக்காக அந்த யந்திரம் வேறு தாங்கு கணினிக்கு மாற்றப்பட்டிருந்தது. எங்கள் பிரிவுக்கு அனுமதி அளிக்கும் விதியை, முன்னொரு காலத்தில் எவரோ அவசரத்திற்காகப் பழைய ஸ்விட்சிலேயே கையால் எழுதி வைத்திருந்தார். அது அமைப்புரையில் இல்லை. எந்தக் கோப்பிலும் இல்லை. யந்திரம் புறப்பட்டுச் சென்றதும் பழைய வாயில் அகற்றப்பட்டது. விதியும் அதனுடன் அழிந்தது. இடமாற்றத்தைச் செய்தவர் தமது அறிக்கையில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று எழுதியிருந்தார். அவர் பொய் எழுதவில்லை. வெற்றி என்பதற்கு அவர் கொண்டிருந்த இலக்கணத்தில் வாயிற்குறிப்பு இடம்பெறவில்லை.

என் கருத்து இதுதான். திட்டமிட்டுச் செய்யப்படும் இடமாற்றத்தில், வாயிற்குறிப்பு சேர்ந்ததா என்பது யந்திரம் சேர்ந்ததா என்பதைப் போலவே கட்டாயச் சோதனையாக இருக்க வேண்டும். புதிய வாயிலில் உள்ளவை பழைய வாயிலில் இருந்தவற்றோடு ஒப்பிடப்பட்டு, பொருந்திய பின்னரே 'முடிந்தது' என்னும் சொல் எழுதப்பட வேண்டும். எச்சரிக்கை வரி ஒன்று பதிவானால் அதைப் படிக்கும் பொறுப்பு பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை புறக்கணிக்கத் தக்கவை அல்ல. முதலாவது மறுப்பு: குறிப்பைத் தூக்கிச் செல்வதே பழைய முறை, எல்லா விதிகளும் மத்தியிலுள்ள ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளில் இருக்க வேண்டும், வாயிலின் அடையாள எண்ணைக் கண்டவுடன் அது புதிய ஸ்விட்சில் அனைத்தையும் தானே எழுதிவிடும் என்பது. 2010இல் தொடங்கிய 'ஓப்பன்ஸ்டாக்' போன்ற அமைப்புகள் இவ்வழியில்தான் செல்கின்றன. விதிகளைப் பொறுத்தவரை இது சிறந்த வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் செயலிக்கு இது இருந்திருந்தால் அந்த மூன்று நாட்கள் வீணாகியிரா. ஆனால் மத்திய மென்பொருள் அறிந்தவற்றை மட்டுமே அது திரும்ப எழுத முடியும். நடுவழியில் உள்ள உரையாடல்களின் பட்டியலும், இதுவரை ஓடிய எண்ணிக்கையும் வாயிலில் பிறந்தவை. பட்டியல் தாங்கு கணினியின் கருவில் இருப்பது. தானாக உடன் செல்வதில்லை. எண்ணிக்கை புதிய வாயிலில் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மின்சார மீட்டரை மாற்றும் ஊழியர் பழைய மீட்டரின் கடைசி அளவைக் குறிக்காமல் சென்றால் அம்மாதக் கணக்கு என்னாகுமோ, அதுவே இங்கும் நேரும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. தாங்கு கணினி செயலிழக்கும் தறுவாயில் இருக்கும்போது, குறிப்பு சேரவில்லை என்று இடமாற்றத்தை நிறுத்தினால் யந்திரமே அழியுமே என்பது அது. உண்மைதான். வீடு தீப்பற்றும்போது நில ஆவணத்தைத் தேடிக்கொண்டு உள்ளே நிற்பவர் எவரும் இல்லை. எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்று அம்மென்பொருளை எழுதியவர்கள் தீர்மானித்ததற்கும் இத்தகைய நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஞாயிறு இரவில் நாள் குறித்துச் செய்யும் பராமரிப்பு தீ விபத்து அன்று. அவசரத்திற்கு உரிய சலுகையை அன்றாட வழக்கமாக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அவசரகாலத்திலும்கூட, விட்டுச் சென்றவை எவை என்ற பட்டியல் மறுநாள் காலையிலாவது எழுதப்பட வேண்டும்.

இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான 'செர்ட்-இன்' 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைகளின்படி, நிறுவனங்களும் தரவு மையங்களும் தங்கள் கணினி அமைப்புகளின் நாட்குறிப்புகளை 180 நாட்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கால சர்வர்களோடு ஒத்திசைத்திருக்க வேண்டும். இதன் பயனை எண்ணிப் பார்க்கலாம். ஒரு யந்திரத்தினுள் அத்துமீறி எவரோ நுழைந்ததாக மூன்று மாதம் கழித்துத் தெரியவருகிறது. இடையில் அது நான்கு தாங்கு கணினிகள் மாறியிருக்கிறது. நான்கு வாயில்களின் குறிப்புகளும் ஒரே அடையாளத்தின் கீழ், ஒரே கடிகாரத்தின்படி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருந்தால் நுழைந்தவரின் சுவடு தெரியும். வாயில் அகற்றப்பட்டபோது குறிப்பும் அகற்றப்பட்டிருந்தால், மூன்று மாத வரலாற்றில் கடைசி அத்தியாயம் மட்டுமே எஞ்சும்.

கணினிப் பொறியாளர் அல்லாத நாம் இதில் என்ன செய்ய இயலும் என்று சிலர் கேட்கலாம். செய்யக்கூடியது உண்டு. தம் துறையின் செயலி தரவு மையத்தில் ஏற்றப்படும்போது, கருத்துக் கேட்கும் கூட்டங்களில் களப் பணியாளர்களும் அமர்கிறார்கள். 'இந்த யந்திரம் இடம் மாறினால் எங்கள் அலுவலகத்திற்கான அனுமதி எங்கே எழுதப்பட்டிருக்கும்?' என்னும் ஒரே கேள்வியை அங்கே கேட்டு, விடையை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் செய்யலாம். செயலி திடீரெனத் திறக்க மறுத்தால், பழுதை அறிவிக்கும்போது, எந்த நாள் எந்த மணி முதல், எந்த அலுவலகத்திலிருந்து திறக்கவில்லை, எங்கிருந்து திறக்கிறது என்னும் விவரங்களைச் சேர்த்து எழுதலாம். ஓரிடத்தில் திறந்து மற்றோரிடத்தில் திறக்கவில்லை என்பது, யந்திரத்தை விட்டு வாயிலைப் பார்க்குமாறு பொறியாளருக்குச் சொல்லும் முக்கியமான தடயம். எங்கள் அறையிலிருந்து அதை முதல் நாளே எழுதி அனுப்பியிருந்தால் கெடு தவறியிராது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் கருவி ஏதுமின்றிக் காட்டலாம். இரண்டு மாணவர்களைக் கதவருகே காவலராக நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டுக் கொடுங்கள். மூன்றாம் மாணவன் முதல் கதவின் உள்ளே அமர்ந்து கணக்குப் போடட்டும். யார் அவனிடம் சீட்டு அனுப்பலாம் என்பதை முதற்காவலர் மட்டும் தம் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். கணக்கின் நடுவில் அவனை இரண்டாம் கதவுக்கு மாற்றுங்கள். அவன் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வான். ஆனால் சீட்டு கொண்டுவரும் நண்பனை இரண்டாம் காவலர் திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு நோட்டையும் சேர்த்து மாற்றி மீண்டும் செய்து காட்டுங்கள். யந்திரத்தின் நினைவு வேறு, வாயிலின் நினைவு வேறு என்பதைப் பத்து வயதுக் குழந்தையும் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்ளும்.

இயங்கும் யந்திரத்தைக் கண் இமைப்பதற்குள் மாற்றுவது விஞ்ஞானத்தின் அரிய சாதனை. மாற்றிய பின் நோட்டைச் சரிபார்ப்பது சிறிய வேலை; அதைப் பாராட்ட எவரும் விழா எடுப்பதில்லை. அதனாலேயே அது விடுபட்டுப்போகிறது. மாற்றுச் சான்றிதழில் தேதி சரியாக இருக்கிறதா என்று கையொப்பமிடுமுன் இரண்டாம் முறை பார்க்கும் தலைமை ஆசிரியரின் வழக்கம் நம் தரவு மையங்களின் இடமாற்றப் படிவத்திலும் ஒரு வரியாக இடம்பெற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.